மாமா கொண்டுவந்த தூண்டில்

என் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். ஆரணியில் இதைச் சொன்னால் இன்றைக்கும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பார்கள். எங்கள் ஊர் நாகநதியில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். பட்டு நூல், பாவு, தறி, சேலை இவற்றைத் தவிர வேறொன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசாத தெரு எங்களுடையது. அந்தத் தெருவிலிருந்து கிளம்பி, ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் ஏதோ பயிற்சியும் முடித்து, சரக்குக் கப்பலில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டார் மாமா.

அம்மாவுக்குத் தம்பி கடலில் போகிறான் என்ற பயத்தைவிட, கடலில் என்ன சாப்பிடுவான் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள். குடிக்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருந்துவிடப் போகிறதே என்று வெள்ளைத் துணியில் வடிகட்டிய பிறகே பானையில் ஊற்றுவோம். கடையில் வாங்கும் கேக்கில் முட்டை வாசனை வருகிறதா என்று அம்மா மோந்து பார்த்துத்தான் எனக்குக் கொடுப்பாள். ஆகவே மாமா புறப்படும் முன் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய், எந்த நிலை வந்தாலும் மாமிசம் தொடமாட்டேன் என்று சந்நிதியில் சொல்லவைத்தாள். மாமா சொன்னார். அப்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக எனக்கு ஞாபகம்.

நான் நாலாவது படிக்கும்போது ஒருநாள் அப்பாவின் நூல் கடைக்கு போன் வந்தது. கப்பல் கம்பெனிக்காரர்கள். சரக்கு ஒரு பக்கமாகச் சரிந்து கப்பல் மூழ்கிவிட்டது, ஆட்கள் ரப்பர் தெப்பங்களில் ஏறியிருக்கலாம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார்களாம். அம்மா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த அளவுக்குப் பயம் வரவில்லை. தெப்பம் என்றால் எனக்குத் தெரிந்தது, திருவிழாவில் சீரியல் பல்பு போட்டுக் குளத்தைச் சுற்றிவருகிற தெப்பம்தான். மாமா அதன் நடுவில் மாலையோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். நாதஸ்வரக்காரர்களுக்கு அதில் இடம் போதுமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே சந்தேகம்.

பல நாள் கழித்து மறுபடி போன் வந்தது. வழியில் போன வேறொரு கப்பல் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டது. மாமா உயிரோடு இருக்கிறார். அம்மா தெருவில் இறங்கி ஓடி வீடு வீடாகச் சொன்னாள்.

ஆனால் வீட்டுக்கு வந்து இறங்கியவர் எனக்குத் தெரிந்த மாமா இல்லை. உதடெல்லாம் தோலுரிந்து, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்திருந்தார். வலது உள்ளங்கையின் குறுக்கே கத்தியால் கோடு இழுத்த மாதிரி ஒரு காயம். அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் ஒரு வாய் எடுத்து அப்படியே வைத்துக்கொண்டிருப்பார். எப்போது விழுங்குகிறார் என்றே தெரியாது. காலையில் அம்மா வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். கோலம் போட்டு முடித்த பிறகுதான் உள்ளே வருவார். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுல்ல கண்ணு" என்றார். அந்த வீட்டில் அந்த மாதத்தில் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில்.

அவர் கொண்டுவந்த சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பெனி கொடுத்த ஒரு பையும் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பொட்டலமும்தான். அவர் தூங்கும்போது அதை எடுத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதில் தடித்த நைலான் நரம்பு ஒன்று சுற்றியிருந்தது. பளபளவென்று கரண்டி மாதிரி ஒரு வெள்ளித் தகடு, அதன் நுனியில் சிவப்பு இறகு. சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். ஒரு டப்பியில் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியின் முனையிலும் ஒரு துண்டு தக்கை குத்தியிருந்தது.

பக்கத்து வீட்டுத் தறியில், டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டிக்குக் கீழே இந்த மாதிரி கயிறும் கம்பியும் தொங்குவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஆகவே இது கப்பலில் சேலை நெய்கிற சாமான் என்று தீர்மானித்துவிட்டேன். அந்த வெள்ளித் தகடுதான் என்ன என்று புரியவில்லை. காதுக்குத் தொங்கட்டான் மாதிரி வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கொக்கியின் தக்கையைப் பிடுங்கிவிட்டு அதைப் பாயின்மேல் வைத்தேன்.

மாமா கண் விழித்துப் பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் கொக்கியைத் திரும்பக் கையில் எடுத்துவிட்டேன்.

"கீழ வெக்காத! தூக்கு, தூக்கு! காத்து எறங்கிடும்!"

தவழ்ந்து வந்து என் கையிலிருந்து கொக்கியைப் பிடுங்கி, தக்கையைத் திரும்பக் குத்தினார். பிறகு பாயைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தேடுவது போலிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சிமெண்ட் தரையில் போட்ட கோரைப்பாய். இதில் எங்கிருந்து காற்று இறங்கும்?

அவர் பிடுங்கிய வேகத்தில் கொக்கி என் விரலைக் கீறியிருந்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு நான் அழ, அம்மா ஓடிவந்தாள். விரலைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா வழக்கப்படி முதலில் அந்த நரம்பைத்தான் எடுத்து, விரலிடுக்கில் உருட்டி, இழுத்துப் பார்த்தார். எந்த நூலைப் பார்த்தாலும் அவர் கை தானாக அதைத்தான் செய்யும். அப்புறம் வெள்ளித் தகட்டைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மீன் புடிக்கிற தூண்டில் இது" என்றார்.

அம்மா அதைத் தொட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் தூண்டில்.

"இன்னாடா இது? எங்கேந்து வந்துச்சு?"

"அந்த ரப்பர் ராஃப்ட்ல இருந்ததுக்கா. எல்லா ராஃப்ட்லயும் ஒண்ணு வெச்சிருப்பாங்க. ஆபத்துக்கு."

"நீ புடிச்சியா?"

"புடிச்சேன்."

அடுத்த கேள்வியை அப்பாதான் கேட்டார். "சாப்ட்டியா?"

மாமா கொக்கி டப்பியை மூடிக்கொண்டே சொன்னார். "இல்ல மாமா. நான் சாப்பிடல. பிஸ்கட்டு இருந்துது, அது தீந்தப்புறம் ஒண்ணும் சாப்பிடல."

அம்மா ஓவென்று அழுதாள். அது சந்தோஷ அழுகை என்று அப்பா எனக்கு விளக்கினார். எனக்கு அது விளங்கவில்லை. பிடிப்பது பாவமா, சாப்பிடுவது பாவமா என்று கேட்டேன். இரண்டும்தான், ஆனால் சாப்பிடாமல் இருந்தது பெரிய விஷயம் என்றார் அப்பா. அப்படியானால் பட்டுப் பூச்சியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்களே என்றேன். பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "நாம நூலத்தான வாங்கறோம்" என்று சொல்லிவிட்டு அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாளே செய்தி கடைத்தெரு முழுக்கப் பரவியது. அப்பாதான் பரப்பினார். சாகக் கிடந்த நேரத்திலும் எங்கள் மைத்துனன் விரதத்தை விடவில்லை, அந்த விரதம்தான் அவனைக் கரைசேர்த்தது என்று நூல் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை விசேஷ பூஜை வைத்தார்கள். தேசூர், சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாமாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். வயதான ஒருவர் எழுந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பலமாகத் தட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். கோயிலின் பின்பக்கம், செருப்பு விடுகிற இடத்தில், சால்வையை மடியில் பந்தாகச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் வாந்தி வாடை அடித்தது.

"மாமா, உன்ன எல்லாரும் பாராட்டிகினு இருக்காங்க. நீ இங்க இன்னா பண்ற?"

"ஒண்ணுல்ல கண்ணு. வெயிலு."

வெயிலே இல்லை. மேகம் மூடியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் "ஒண்ணுல்ல" என்பார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், ஒரு மத்தியான வேளையில் அவர்கள் வந்தார்கள். ஒரு அம்மாவும் அவள் புருஷனும். அந்த அம்மா கறுத்து, உயரமாக, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாள். அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாலும் அது அவருக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தது, காலரை இழுத்துக்கொண்டே இருந்தார். அவர் தோளில் ஒரு வயர்கூடை.

"கப்பல்ல போன தம்பி வூடு இதானாம்மா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"ஆமா. நீங்க யாருங்க?"

"கடலூர்ப் பக்கம் ஒரு குப்பம்மா. காலீல கெளம்பினோம், மூணு பஸ்ஸு மாறி வர்றோம். அவரோட தெப்பத்துல எங்க புள்ளயும் இருந்தான்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "திரும்பி வர்ல" என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். மாமா கூடத்தில் இருந்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து, இரண்டடி பின்னால் போய், சுவரில் முதுகு முட்டியதும் அங்கேயே நின்றுவிட்டார். அவர்கள் மகனுக்கும் இந்த மனிதருக்கும் ஒரே ஜாடை என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்கு, மாமா ஏன் வந்தவர்களை வாங்க என்று கூடச் சொல்லவில்லை என்று வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா தண்ணீர் குடித்தாள். பிறகு மாமாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். தெப்பத்தில் இருந்து பிழைத்த இன்னொரு பையன் அவளுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். கப்பல் சாயும்போது அவள் மகனுக்குக் கை முறிந்துவிட்டது. படுத்த இடத்திலிருந்தே அவன், நரம்பை எப்படி விடவேண்டும், எப்போது சுண்டி இழுக்கவேண்டும், கொக்கி ரப்பரில் படாமல் மீனை எப்படி உள்ளே கொண்டுவர வேண்டும் என்று மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். கையைச் சுற்றி நரம்பைக் கட்டாதே அண்ணா, அறுத்துவிடும் என்று அவன் சொல்லியும் மாமா கட்டிக்கொண்டாராம்.

"எம்புள்ளைக்கு இந்தத் தம்பிதான் முள்ளு எடுத்து, பிச்சிப் பிச்சி வாயில வெச்சாராம். ராத்திரியெல்லாம் மடியில போட்டுகினு இருந்தாராம். பசியோட போவல எம்புள்ள. நான் பக்கத்துல இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேனோ அத இவரு பண்ணிட்டாரு. எனக்கு அது போதும்பா."

சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் வயர்கூடையிலிருந்து தாளில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். அதற்கு முன்பே வாடை கூடத்தில் பரவிவிட்டது.

"நல்ல வஞ்சிரக் கருவாடும்மா. நானே உப்பு வெச்சிக் காயவெச்சது. எங்களால வேற இன்னா குடுக்க முடியும்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். கேக்கை மோந்து பார்த்துக் கொடுக்கிற அம்மா. அவள் இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். தெரியாமல் கொடுக்கிறார்களே, யாராவது சொல்லவேண்டாமா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. ஆகவே நான் சொன்னேன்.

"நாங்கல்லாம் மீனு தொடவே மாட்டோம். மாமாகூட தெப்பத்துல சாப்பிடல. அதுக்குத்தான் கோயில்ல சால்வ போத்தினாங்க."

"ஏய்" என்றார் அப்பா.

அந்த அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மாடத்தில் இருந்த எங்கள் தீர்த்தங்கரர் படத்தைப் பார்த்தாள். கடைசியில் மாமாவிடம் வந்து நின்றாள்.

"தொடாத கையா எம்புள்ளைக்குப் புடிச்சிக் குடுத்துது?"

அவருடைய வலது கையை எடுத்து, அந்தக் காயம் இருந்த உள்ளங்கையைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். மாமா கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அந்தக் கைய வுட்டுடுங்கம்மா" என்றார் மாமா. ஊருக்கு வந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. "எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்திருந்தாங்கம்மா. குடிக்கத் தண்ணி இல்லன்னா மீன் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா தாகம் இன்னும் ஏறிடும், ஒடம்புல இருக்கற தண்ணியும் போய்டும்னு. ராஃப்ட்ல தண்ணி தீந்துபோச்சு. மழையும் பெய்யல. எனக்குத் தெரியும்மா. அவன் கேட்டுகினே இருந்தான். தெரிஞ்சுதான் குடுத்தேன். நான் சாப்பிடாம இருந்தேன், பொழச்சிகினேன். இங்க எல்லாரும் என்ன மால போட்டு..."

மாமா சுவரில் சரிந்து கீழே உட்கார்ந்தார். அந்த அம்மா அவர் கையை இன்னும் பிடித்திருந்ததால் அவளும் கூடவே குனிந்து உட்கார வேண்டியதாயிற்று. அப்பா எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். அம்மா பொட்டலத்தை அணைத்தபடி அசையவில்லை.

அந்த அம்மாவின் புருஷன் எழுந்து வந்து மாமாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, இங்க பாரு. அவன் கடக்கரைல பொறந்தவன். சின்னப் புள்ளையிலேந்து எங்கூடக் கடலுக்கு வந்தவன். நீ ட்ரெயினிங்ல படிச்சத அவன் பால் குடிக்கறப்பவே படிச்சவன். அவனுக்கு இது தெரியாதுன்னா நெனக்கிற?"

மாமா தலையைத் தூக்கினார்.

"கை ஒடிஞ்சி, ஜுரம் வந்து கெடந்தவன். நாம கரைக்குப் போவ மாட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் கேட்டிருக்கான்." கொஞ்ச நேரம் காலரை இழுத்துக்கொண்டிருந்தார். "பசிச்சிருக்கும் தம்பி. அவ்ளோதான்."

மாமா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அந்த மனிதரும் அழுதார். அந்த அம்மா அழவில்லை, இரண்டு பேர் முதுகையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

அம்மா பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தாள். சமையலறையில்! கொல்லையில்கூட இல்லை. வந்தவர்களுக்கு இலை போட்டு, வெண்டைக்காய்ச் சாம்பாரும் அப்பளமும் வைத்தாள். மாமாவும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர்கள் பொழுதோடு பஸ் பிடிக்கவேண்டும் என்று கிளம்பியபோது அப்பா பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து ஒரு பட்டுச் சேலையை வாங்கிக் கொண்டுவந்து அந்த அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, "இத எங்க கட்டிகினு போறது" என்று லேசாகச் சிரித்தாள். கருவாட்டை அம்மா மறுநாள் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவியிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது, வீணாக்காதே, முழுசையும் சமைத்துச் சாப்பிடு என்று ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னாள். மீன் சாப்பிடச் சொல்லி அம்மா ஒருத்தரிடம் கெஞ்சியதை நான் அன்றுதான் கேட்டேன்.

அவர்கள் வந்துபோன அன்று, மாமா அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை வாசலில் நின்றுகொண்டு நான் இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாதபோது மீன் சாப்பிடக் கூடாது என்று மாமாவுக்குத் தெரியும். செத்துப்போன அந்த அண்ணனுக்கும் தெரியும். அவனுடைய அப்பாவுக்கும் தெரியும். ஒருவரும் மற்றவரை ஏமாற்றவில்லை, யாரும் யாரையும் திட்டவுமில்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு இத்தனை பெரியவர்கள் எதற்காக இப்படி அழுகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. மாமா தெருமுனையில் திரும்பி வருவது தெரிந்ததும் அவரிடமே கேட்டுவிடலாம் என்று ஓடினேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். எனக்கு அதற்குரிய வயது தாண்டியிருந்தது, ஆனாலும் மேலேயிருந்து தெரு நன்றாகத் தெரிந்ததால் கேட்க வந்ததை மறந்துபோனேன்.